கரை சேர்ந்தாலும் குற்றம்தான்

"அவர் சாமி கும்பிடமாட்டார், எதையும் ஆராய்ந்துதான் ஏற்பார்." நம் ஊரில் ஒருவரை இப்படி அறிமுகம் செய்துவைத்தால் யாரும் குறுக்கே கேட்பதில்லை. முதல் பாதி உண்மையென்றால் இரண்டாம் பாதியும் உண்மையாகத்தானே இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். கோயிலுக்குப் போகாதவர் வதந்தியை நம்பமாட்டார், ஆதாரம் இல்லாமல் பேசமாட்டார் என்று மீதி நற்சான்றுகளையும் கையோடு கொடுத்துவிடுகிறோம். நம்புகிறவர் கேள்வி கேட்காதவர், மறுக்கிறவர் கேள்வி கேட்டுத் தேறியவர் என்ற இந்தக் கணக்கைப் பக்தர்களே பாதி ஒப்புக்கொண்டுவிட்டார்கள். "எல்லாவற்றையும் அறிவால் அளந்துவிட முடியுமா?" என்று அவர்கள் பின்வாங்கிப் பேசுவதே அதற்குச் சாட்சி.

கணக்கு தப்பு என்கிறேன். நானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்தான், ஆகவே இது அந்தப் பக்கத்துக்கான வக்காலத்து இல்லை. மறுப்பாளர்கள் தாங்களே எழுதிவைத்த சட்டத்தை எடுத்து அவர்கள் மேலேயே வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை மிகத் தெளிவாக எழுதியவர் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1877இல் வெளிவந்த 'நம்பிக்கையின் அறம்' என்னும் கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகிறார். கப்பல் பழையது, பழுது பார்த்தாக வேண்டும். செலவை நினைத்ததும் முதலாளி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்: இத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, இந்தத் தடவையும் போய்வந்துவிடும். வேறு நாட்டில் குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்பிவைக்கிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி, இதில் யாருக்கும் சந்தேகம் வராது. கிளிஃபோர்டின் கத்தி இறங்குவது அதற்கு அடுத்த இடத்தில். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டாலும் குற்றம் இம்மியும் குறையாது என்கிறார். சோதிக்காமல் நம்பியதுதான் குற்றம். முடிவு சரியாக அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

மத நம்பிக்கையாளர்களுக்கு எதிராக இந்தக் கட்டுரை ஒன்றரை நூற்றாண்டாகப் பயன்பட்டு வருகிறது. நியாயமான பயன்பாடுதான். ஆனால் இந்தச் சட்டப்படி, கடவுள் இல்லை என்பது உண்மையாகவே இருந்தாலும் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்ததற்காக எவருக்கும் பகுத்தறிவாளர் பட்டம் கிடைக்காது. எப்படி வந்தார், வந்த வழியில் எதையெல்லாம் கேட்காமல் விழுங்கினார் என்றுதான் பார்க்கவேண்டும்.

விழுங்கியவற்றில் மேடையில் அதிகம் அடிபடுவது கலீலியோ கதை. பூமி உருண்டை என்று சொன்னதற்காக அவரைத் திருச்சபை சிறையில் தள்ளியதாம். சில பேச்சாளர்கள் ஆளைக் கொன்றே விடுவார்கள். 1633இல் ரோமில் நடந்த விசாரணை பூமி நகர்கிறதா என்பது பற்றியது. உருண்டையா இல்லையா என்பது அன்றைய ஐரோப்பியப் படிப்பாளிகளிடையே கேள்வியாகவே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபாஸ்கோ எழுதிய வானியல் பாடநூல் கோள வடிவத்தைக் காரண காரியத்தோடு விளக்குகிறது. பல்கலைக்கழகங்களில் சில நூற்றாண்டுகள் அதுதான் பாடம். தாமஸ் அக்வினாஸ் தம்முடைய பெரிய இறையியல் நூலின் தொடக்கத்திலேயே பூமியின் உருண்டை வடிவத்தை எல்லோருக்கும் தெரிந்த உதாரணமாகப் போகிறபோக்கில் எடுத்தாள்கிறார். கொலம்பஸை எதிர்த்த அறிஞர்கள் தகராறு செய்தது ஆசியா எவ்வளவு தூரம் என்பதில். அவர்கள் சொன்னதே சரி. நடுவில் அமெரிக்கா குறுக்கிட்டிருக்காவிட்டால் அந்த மாலுமிகள் நடுக்கடலில் பட்டினி கிடந்து செத்திருப்பார்கள். தட்டைப் பூமியை நம்பிய பாதிரிமார் கூட்டம் என்ற காட்சியைப் பரப்பியதில் பெரும்பங்கு வாஷிங்டன் இர்விங் 1828இல் எழுதிய கொலம்பஸ் வரலாற்றுக்கு உண்டு. இர்விங் அடிப்படையில் கதாசிரியர். ஜான் வில்லியம் டிரேப்பர் 1874இலும், கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் 1896இலும் அறிவியலுக்கும் மதத்துக்கும் ஓயாத போர் என்று எழுதிய நூல்கள் இப்படிப்பட்ட காட்சிகளுக்கு வரலாறு என்ற மதிப்பைக் கொடுத்தன. அறிவியல் வரலாற்றை ஆராய்கிறவர்கள் இந்தப் போர்ச் சித்திரத்தைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மேடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கலீலியோவுக்கு இழைத்தது அநீதி. 1642இல் சாகும்வரை அவர் வீட்டுக்காவலில் கிடந்தார். அதற்கு முன் 1600இல் புரூனோவை உயிரோடு கொளுத்தினார்கள். உண்மையான கொடுமைகள் இத்தனை கையிலிருக்க, நடக்காத ஒன்றை ஏன் சொல்லவேண்டும்? சொல்கிறவர் அது நடக்கவில்லை என்று அறியாததால்தான். அவருக்கு முன்னால் பேசியவர் சொன்னார், அவருக்கு அதற்கும் முன்னால் பேசியவர். நூலகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தால் தெரிந்துவிடும் விஷயம் இது.

பெரியவர்களும் விதிவிலக்கில்லை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927இல் லண்டனில் ஆற்றிய 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' என்ற உரையைத் தமிழிலும் சுயமரியாதை இயக்கத்தார் மொழிபெயர்த்துப் பரப்பினார்கள். முதற்காரணம் பற்றிய வாதத்தை அவர் பிரித்துப்போடும் இடம் இன்றும் படிக்கத்தக்கது. அதே உரையில் இயேசு என்றொருவர் வாழ்ந்தாரா என்பதே மிகவும் சந்தேகம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தக் கால வரலாற்றைத் தொழிலாகப் படிக்கும் அறிஞர்களில், கடவுள் நம்பிக்கை அற்றவர்கள் உட்பட, மிகப் பெரும்பாலோர் அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்றுதான் கருதுகிறார்கள். அற்புதங்கள் வேறு, ஆள் வேறு. தர்க்கத்தில் ஒரு எழுத்தைக்கூடச் சோதிக்காமல் விடாத ரஸ்ஸலுக்கே, தமக்குப் பிடித்த பக்கம் சாயும் வரலாற்றுச் செய்தி என்றதும் அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது.

இவையெல்லாம் வாய்ச் சறுக்கல்கள், முறையான சோதனை என்று இறங்கும்போது ஐயவாதிகள் கறாராகத்தான் இருப்பார்கள் என்று சொல்வார்கள். அப்படி இறங்கிய ஒரு வழக்கு இருக்கிறது. தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும், ஏனென்றால் இது செவ்வாயைப் பற்றியது.

மிஷெல் கோக்லன் என்ற பிரெஞ்சுக்காரர் 1955இல் ஒரு நூல் வெளியிட்டார். ராசி பலன் எல்லாம் பொய் என்று புள்ளிவிவரத்தோடு காட்டியவர் அவர். ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. வானத்தை 12 பகுதிகளாகப் பிரித்தால், செவ்வாய் உதித்த உடனேயோ உச்சியைத் தாண்டிய உடனேயோ பிறந்தவர்கள் சாதாரண மக்களில் ஏறக்குறைய 17 சதவீதம். பெயர்பெற்ற விளையாட்டு வீரர்களில் அது 22 சதவீதத்தைத் தொட்டது. பெல்ஜியத்தில் அமானுஷ்யக் கூற்றுகளை ஆராயும் அறிஞர் குழு 1960களின் இறுதியில் 535 வீரர்களை வைத்துத் தானே சோதித்தது. அதே 22 சதவீதம் வந்தது. குழு என்ன செய்தது? வெளியிடாமல் வைத்துக்கொண்டது. 1976இல்தான் முடிவு அச்சுக்கு வந்தது.

இதற்கிடையில் 1975இல் அமெரிக்காவின் 'ஹ்யூமனிஸ்ட்' இதழில் சோதிடத்துக்கு எதிராக 186 விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. நோபல் பரிசு பெற்ற 18 பேரும் அதில் உண்டு. சோதிடம் பொய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பொய்யை மறுக்க 186 கையெழுத்து எதற்கு? நல்ல ஆதாரம் ஒன்று போதுமே. கார்ல் சாகன் கையெழுத்திட மறுத்துவிட்டார். சோதிடத்தில் ஏதாவது உண்மை இருக்கும் என்று நினைத்ததால் அல்ல, அறிக்கையின் அதிகாரத் தொனி அவருக்குப் பிடிக்கவில்லை. கோள்கள் நம்மைப் பாதிக்கும் வழி எதுவும் தெரியவில்லை என்ற வாதமும் செல்லாது என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்று வெகனர் சொன்னபோதும் எப்படி நகர்கின்றன என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வெகனர் சொன்னது சரியாகிவிட்டது. தத்துவவாதி பால் ஃபயராபெண்ட் இன்னும் காரமாக எழுதினார். பிபிசி பேட்டி கேட்டபோது கையெழுத்திட்ட நோபல் அறிஞர்கள் சிலர் தாங்கள் சோதிடத்தைப் படித்ததே இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். படிக்காத ஒன்றின்மேல் தீர்ப்பு எழுதிக் கையெழுத்திடுவதற்குக் கிளிஃபோர்ட் என்ன பெயர் வைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இனி கோக்லனுக்கு வருவோம். 'ஹ்யூமனிஸ்ட்' இதழின் ஆசிரியர் பால் குர்ட்ஸ், புள்ளியியல் அறிஞர் மார்வின் ஸெலன், வானியலாளர் ஜார்ஜ் ஏபெல் மூவரும் அவருக்குச் சவால் விட்டார்கள். வீரர்கள் பிறந்த அதே ஊர்களில் அதே நாட்களையொட்டிப் பிறந்த சாதாரண மக்களின் பிறப்புப் பதிவுகளைத் திரட்டு, அவர்களுக்கும் 22 சதவீதம் வந்தால் உன் கூற்று காலி என்றார்கள். நல்ல சோதனை, விதியும் அவர்கள் போட்டதுதான். கோக்லன் 303 வீரர்களுக்கு ஈடாக 16,756 பேரின் பதிவுகளைத் திரட்டினார். சாதாரண மக்களுக்கு 17 சதவீதம்தான் வந்தது. போட்ட விதிப்படி அந்தச் சுற்றில் கோக்லன் ஜெயித்துவிட்டார்.

1977இல் முடிவை வெளியிடும்போது மூவரும் வேறொன்றைச் செய்தார்கள். சாதாரண மக்களுக்கு என்ன வந்தது என்ற சவாலின் மையக் கேள்வியை ஓரங்கட்டிவிட்டு, அந்த 303 வீரர்களைப் பெண்கள், பாரிஸில் பிறந்தவர்கள், மற்றவர்கள் என்று கூறுபோட ஆரம்பித்தார்கள். மாதிரியைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் எந்த விளைவும் பலவீனமாகத்தான் தெரியும். புள்ளியியல் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த சங்கதி. இதைக் கண்டு கொதித்தவர் சோதிடர் எவரும் இல்லை. குர்ட்ஸ் 1976இல் தொடங்கிய ஐயவாதக் குழுவின் நிறுவன உறுப்பினரான டென்னிஸ் ராலின்ஸ். செவ்வாய் விளைவை அவர் ஒருகாலும் நம்பியவர் அல்ல. தோற்றதைத் தோற்றோம் என்று சொல்லுங்கள், பிறகு அந்தப் புள்ளிவிவரத்தில் எங்கே கோளாறு என்று தேடலாம் என்பதே அவர் சொன்னது. உள்ளுக்குள் பேசிப் பார்த்தார், கேட்கவில்லை. குழுவின் நிர்வாகத்திலிருந்து அவர்தான் வெளியேற்றப்பட்டார். 1981இல் அவர் நடந்ததையெல்லாம் எழுதி அச்சிட்ட இதழ் எது தெரியுமா? 'ஃபேட்'. பறக்கும் தட்டும் ஆவியும் விற்கிற பத்திரிகை. ஐயவாதிகளின் தவறைப் பற்றிய உண்மைக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. 1983இல் மூவரும் ஒரு மறுபரிசீலனை எழுதித் தங்கள் தவறுகள் சிலவற்றை ஒப்புக்கொண்டார்கள்.

பார்த்தீர்களா, கடைசியில் திருத்திக்கொண்டார்களே, மதம் இப்படிச் செய்யுமா என்று இங்கே ஒரு பதில் வரும். திருத்தம் வந்தது உண்மை. ஆனால் அதைக் கேட்டவரை வெளியே அனுப்பிவிட்டு, நாலைந்து ஆண்டு இழுத்தடித்து, வேறு வழியில்லாமல் வந்த திருத்தம் அது. அதை முறையின் வெற்றி என்று கொண்டாடுவதென்றால், கலீலியோ விஷயத்தில் தவறு நடந்ததென்று 1992இல் ஒப்புக்கொண்ட வத்திக்கானுக்கும் ஒரு மாலை போடவேண்டியிருக்கும். இன்னொரு பதில், மெய்ப்பிக்கும் பொறுப்பு கூற்றை முன்வைக்கிறவருக்கே என்பது. முழுக்கச் சரி. கடவுள் உண்டு என்கிறவர் காட்டட்டும். ஆனால் மதம் அச்சத்தில் பிறந்தது, பெரும்பாலான போர்களுக்கு மதமே காரணம், படிப்பு பெருகினால் பக்தி குறையும் என்பவையும் கூற்றுகள்தாமே? இவற்றைச் சொல்கிறவர் தோளிலும் அந்தப் பொறுப்பு ஏறிவிடுகிறது. மறுப்பாளர் என்பதால் சுங்கவரி விலக்கு கிடையாது.

மறுப்பு எப்படி ஆராய்ச்சியையே சாய்க்கும் என்பதற்கு ஃபிரெட் ஹாய்ல் நல்ல உதாரணம். பிரபஞ்சம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கோட்பாட்டை வளர்த்தெடுத்தவர் ஜார்ஜ் லெமெய்த்ர் என்ற பெல்ஜியப் பாதிரியார். 1949இல் பிபிசி வானொலியில் அதற்குப் 'பெருவெடிப்பு' என்று பெயர் வைத்தவர் அதை ஏற்காத ஹாய்ல். அவருக்கு அறிவியல் காரணங்கள் இருந்தன. அன்றைய அளவீட்டின்படி பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதைவிடக் குறைவாக வந்தது. ஆனால் தொடக்கம் என்ற எண்ணத்தில் பைபிளின் படைப்புக் கதை வாடை அடிப்பது அவருக்கு ஒவ்வவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1965இல் விண்வெளிப் பின்புலக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டு மற்றவர்கள் மாறிய பிறகும் அவர் மாறவில்லை. மறுபுறம் 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது சங்கடப்பட்டு அதைத் தடுக்க முயன்றவர் லெமெய்த்ர். சமன்பாட்டுக்குள் தன் விருப்பத்தை நுழையவிடாதவர் பாதிரியாராகவும், கொஞ்சம் நுழையவிட்டவர் நாத்திகராகவும் அமைந்துவிட்டார்கள்.

நம் வீட்டுக்கு வருகிறேன். 2007 செப்டம்பரில் சேது சமுத்திரத் திட்டம் சூடாக இருந்தபோது, ராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுப் பாலம் கட்டினார் என்று முதல்வர் மு. கருணாநிதி கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி. கடலுக்கடியில் உள்ள மணல் திட்டுக்குப் புராணத்தைப் பத்திரமாகக் காட்டினால் அப்படித்தான் கேட்கவேண்டும். ஆனால் அதே கடலில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் குமரிக் கண்டம் இருக்கிறது. அங்கே போனதும் கேள்வி நின்றுவிடுகிறது. 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி அரசே அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது. ராமர் பாலத்தைக் கிழித்துத் தொங்கவிடும் பேச்சாளர் அடுத்த பத்தாவது நிமிடத்தில் கடல்கொண்ட கண்டத்தைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம்.

அந்தக் கண்டத்தின் பிறப்புச் சான்றிதழ் சுவையானது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்த விலங்குகளின் ஒற்றுமையை விளக்க, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்கலாம் என்று ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் ஊகித்தார். லெமூர் என்ற விலங்கை வைத்து லெமூரியா என்று பெயரிட்டார். மனிதகுலத்தின் தொட்டில் அதுவாக இருக்கலாம் என்று ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெக்கல் சேர்த்தார். அடுத்து அதில் மூலமனித இனங்களைக் குடியேற்றியவர் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார். அடையாற்றில் தலைமையகம் வைத்திருந்த, மறைஞானிகளிடமிருந்து கடிதம் வருகிறதென்று சொன்ன அதே சபை. இந்தச் சரக்கைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் சொல்லும் 49 நாடுகளோடும் 700 காவதத்தோடும் சேர்த்துத் தைத்ததுதான் நம்முடைய கண்டம். 1960களில் கண்டத்தட்டு நகர்வு நிறுவப்பட்டபோது ஸ்கிளேட்டரின் ஊகத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை, பிரிந்தவை. பிரிந்தது மனித இனம் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம் கரையோரம் அகன்று இருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். கடல்கோள் நினைவுகளுக்கு ஏதாவது அடிப்படை இருந்தால் இங்கே தேடலாம். கண்டம் எதுவும் மூழ்கவில்லை.

தான் சொல்வதையும் அப்படியே நம்பாதே, உன் அறிவு ஏற்றால் எடுத்துக்கொள் என்று கூட்டந்தோறும் சொல்லிவந்தவர் பெரியார். அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களிடம் ஒரு கேள்வி. குமரிக் கண்டத்தை எந்தச் சோதனைக்குப் பிறகு ஏற்றீர்கள்?

இதையெல்லாம் படித்து, "நாங்கள் அப்போதே சொன்னோமே, நாத்திகமும் ஒரு மதம்தான்" என்று குதிக்க நினைக்கும் பக்தருக்கும் ஒரு சொல். உங்களுக்கு இதில் கொண்டாட எதுவும் இல்லை. ராலின்ஸ் தன் சகாக்களை அடிக்கக் கையில் எடுத்தது அவர்களே வாக்களித்த ஓர் அளவுகோலை. அப்படி ஓர் அளவுகோலை உங்கள் மடத்தில் எங்கே மாட்டிவைத்திருக்கிறீர்கள்? தவறான ஒரு மறுப்பால் ஒரு பொய் உண்மையாகிவிடாது. செவ்வாய் விளைவும் உண்மையாகிவிடவில்லை. பிரான்சில் ஐயவாதக் குழு ஒன்று 1,066 வீரர்களை வைத்துப் புதிதாகச் சோதித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில் அந்த விளைவு தென்படவில்லை. யாரைப் புகழ்பெற்ற வீரராகக் கணக்கில் சேர்ப்பது என்ற தேர்விலேயே கோக்லனின் சாய்வு புகுந்துவிட்டதாக அதை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். முதலிலேயே செய்திருக்கவேண்டிய வேலை அது.

செய்யத் தெரியாதவர்களும் இல்லை. அற்புத சக்தியைச் செய்துகாட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று கொழும்பில் இருந்துகொண்டு ஆபிரகாம் கோவூர் 1963இல் பந்தயம் அறிவித்தார். முடிவு எப்படியும் தெரியும் என்று சும்மா இராமல், எந்தெந்த நிபந்தனையில் எதைச் செய்துகாட்டினால் பணம் என்று வகுத்து வைத்திருந்தார். கோவை போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த் சாமியார்களின் வித்தைகளைத் தானே கற்றுக்கொண்டு ஊர் ஊராகச் செய்துகாட்டி, எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிக்கொடுத்தார். 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே வரிசையில் நின்றபோது, சிரித்துவிட்டுப் போகாமல் பாலில் சாயம் கலந்து ஊற்றி அது சிலையின்மேல் எந்த வழியாக வழிகிறது என்று காட்டினார்கள் விஞ்ஞானிகள். இவர்கள் கப்பலை இறங்கிப் பார்த்தவர்கள்.

கடைசியாக வரும் ஆட்சேபம்தான் எனக்கு அதிகம் கேட்டது: மூடநம்பிக்கையை எதிர்த்த நரேந்திர தபோல்கர் போன்றவர்களைச் சுட்டுக்கொல்லும் காலத்தில் நம் பக்கத்துக் குறைகளை எடுத்துச் சொல்வது எதிரிக்கு உதவாதா? உதவுவது எது என்று பார்ப்போம். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் கீழடி அறிக்கையை வெளியிட்டது. அகழாய்வுக் குழியில் கிடைத்த பொருளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்துப் பெற்ற முடிவு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு. கேட்டவருக்கெல்லாம் அடுக்கையும் ஆழத்தையும் எடுத்துக் காட்டலாம். அந்த முடிவை மேடையில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் 20,000 ஆண்டு பழைய குமரிக் கண்டத்து நாகரிகத்தையும் சேர்த்துச் சொல்கிறார் ஒருவர். எதிரில் உட்கார்ந்து ஆதாரம் போதாது என்று சொல்லக் காத்திருப்பவருக்கு இனி வேலை சுலபம். இரண்டாவதை மறுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும், முதலாவதை அவர் தொடவே வேண்டியதில்லை.